பிளஸ் பட்டன் முதல் கேம் பாய் வரை... வீடியோ கேமை உள்ளங்கைக்குள் கொண்டுவந்த மெஷின் ரிப்பேர்காரர்: யார் இந்த குன்பெய் யோகோய்?

90ஸ் கிட்ஸுக்கு டிவி கேமை மறக்க முடியாது. மரியோவை ஓடவிட இடது கைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்த அந்த பிளஸ் வடிவ பட்டனையும்தான். இன்றைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களிலும் இடது பக்கத்தில் அதே போன்ற பட்டன் இருக்கிறது.

அந்த பட்டனுக்கு இன்று நாம் பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த குன்பெய் யோகோய். அவர் கம்ப்யூட்டர் மேதை இல்லை. சீட்டுக்கட்டு ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்க வேலைக்குச் சேர்ந்தவர்.

சீட்டுக்கட்டு ஃபேக்டரியில் தொடங்கிய கதை

யோகோய் 1941-ல் கியோட்டோவில் பிறந்தார். டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, 1965-ல் அதே ஊரில் இருந்த நின்டெண்டோவில் சேர்ந்தார். 1889-ல் தொடங்கப்பட்ட நின்டெண்டோ, அப்போது ஹனாஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுகளுக்குப் பெயர்போன கம்பெனி. சீட்டு தயாரிக்கும் மெஷின்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பதுதான் யோகோயின் வேலை.

மெஷின் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. சும்மா இருந்த நேரத்தில் ஒரு பொம்மை செய்தார். கடை வாசலில் இழுத்து மூடும் மடக்கு கேட்டைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பூட்டி, கைப்பிடியை அழுத்தினால் நீளும் ஒரு கை. நுனியில் பொருளைப் பிடிக்க இரண்டு விரல்கள்.

ஃபேக்டரிக்கு வந்த நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும் என்று பயந்தார் யோகோய். நடந்ததோ வேறு. அதை விற்பனைக்கு ஏற்ற பொருளாக மாற்றச் சொன்னார் யமாவுச்சி. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வெளிவந்த அது 12 லட்சத்துக்கும் மேல் விற்றது. ரிப்பேர்காரர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

டெக்னிக்கல் டிசைனர் என்றால் என்ன வேலை?

இன்றைய கேம் கம்பெனிகளில் டெக்னிக்கல் டிசைனர் என்று ஒரு பதவி உண்டு. கேம் இப்படி இருக்க வேண்டும் என்று கற்பனை செய்பவர் ஒரு பக்கம். அதை உருவாக்கும் இன்ஜினியர் மறுபக்கம். நடுவில் நின்று எது முடியும், எது முடியாது, எதை வெட்டினாலும் ஆட்டத்தின் ருசி குறையாது என்று முடிவு செய்ய உதவுபவர்தான் டெக்னிக்கல் டிசைனர். யோகோய் காலத்தில் இந்தப் பதவிப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் பார்த்தது கிட்டத்தட்ட இதே வேலைதான்.

ஒரு உதாரணம். 1970-களின் தொடக்கத்தில் ரிமோட் கார் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைக்கும் பொருள். விலையைக் குறைக்க யோகோய் கையில் எடுத்தது கத்தரி. நேராகப் போகும், பட்டனை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. ஆனால் வட்டமான பாதையில் ரேஸ் விட இடது திருப்பம் ஒன்றே போதுமே! 1972-ல் வந்த 'லெஃப்டி ஆர்எக்ஸ்' கார் இது.

இந்த யோசனைக்குப் பின்னாளில் அவரே ஒரு பெயர் வைத்தார். காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று அதற்குப் பொருள். புதிதாக வந்த விலை உயர்ந்த டெக்னாலஜி பின்னால் ஓடாதே. எல்லோரும் பயன்படுத்திப் பழகி, விலை இறங்கிய பழைய பொருளை எடு. யாரும் நினைக்காத இடத்தில் அதைப் பயன்படுத்து. இதுதான் அதன் சாரம்.

ரயிலில் கிடைத்த ஐடியா

புல்லட் ரயிலில் ஒரு நாள், அலுவலகம் போகிற ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார். யாருக்கும் தெரியாமல் கைக்குள் மறைத்து விளையாட ஒரு சின்ன கேம் இருந்தால் எப்படி இருக்கும்?

யமாவுச்சியிடம் இதைச் சொல்ல வாய்ப்பு தற்செயலாக வந்தது. தலைவரின் கார், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும் வெளிநாட்டு கார். டிரைவர் வராத ஒரு நாளில் அதை ஓட்டத் தெரிந்த யோகோய்க்கு அழைப்பு வந்தது. போகிற வழியில் ஐடியாவைச் சொன்னார். யமாவுச்சி பெரிதாக எதுவும் பேசவில்லை. ஆனால் சில நாட்களில் கால்குலேட்டர் தயாரிக்கும் ஷார்ப் நிறுவனத்தோடு பேச்சு தொடங்கிவிட்டது.

கால்குலேட்டரில் 8 என்ற எண் ஏழு சின்னக் கோடுகளால் ஆனது. எந்தக் கோடு தெரிகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். யோகோய் கோடுகளுக்குப் பதில் படங்களை வைத்தார். பொம்மையின் ஒவ்வொரு நிலையும் திரையில் முன்கூட்டியே பதிக்கப்பட்ட தனிப் படம். ஒன்று மறைந்து அடுத்தது தெரிந்தால் பொம்மை நகர்வது போல இருக்கும். 1980-ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' இப்படித்தான் வேலை செய்தது. கூடவே மணியும் காட்டும். இந்த வரிசை மொத்தம் 4.34 கோடி விற்றது.

பிளஸ் பட்டன் பிறந்தது எப்படி?

1982-ல் 'டாங்கி காங்' கேமை இரண்டு திரைகளோடு, புத்தகம் போல மடிக்கும் கேம் அண்ட் வாட்சாகக் கொண்டுவர முடிவானது. இங்கேதான் சிக்கல். கடைகளில் இருந்த பெரிய கேம் மெஷின்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாய்ஸ்டிக்கை வைத்தால் மூடவே முடியாது. நான்கு தனித்தனி பட்டன்கள் வைத்தால் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டிவரும்.

யோகோய் நான்கையும் ஒரே பிளஸ் துண்டாக இணைத்தார். நடுவில் தாங்கி நின்று நான்கு பக்கமும் சாயும். பார்க்காமலே பெருவிரலுக்குத் திசை புரிந்துவிடும். அடுத்த ஆண்டே நின்டெண்டோவின் வீட்டு கேம் மெஷினான ஃபேமிகாமில் அது இடம்பிடித்தது. நம்மூரில் விற்ற டிவி கேம்கள் பலவும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்களே.

1981-ல் ஆர்கேட் மெஷினாக முதலில் வந்த டாங்கி காங்கை உருவாக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. அப்போது இளைஞராக இருந்த அவருக்கு வழிகாட்டியாக நின்றவரும் யோகோய்தான்.

கலர் இல்லாத கேம் பாய் ஜெயித்தது எப்படி?

1989-ல் யோகோயின் குழு 'கேம் பாய்' கருவியை வெளியிட்டது. சடோரு ஒகாடா உள்ளிட்ட இன்ஜினியர்களின் உழைப்பு இதில் பெரியது. பச்சை கலந்த திரை, நான்கே நிறச் சாயல்கள், பின்னால் லைட்டும் இல்லை. போட்டியாக வந்த அடாரி லின்க்ஸ், செகா கேம் கியர் இரண்டும் பளபளக்கும் கலர் திரை கொண்டவை.

ஆனால் அந்தக் கலருக்கு ஒரு விலை இருந்தது. அவற்றுக்கு 6 பேட்டரி வேண்டும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய் 4 பேட்டரியில் 10 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விலையும் குறைவு. பிள்ளைகளுக்குப் பேட்டரி வாங்கித் தரும் பெற்றோருக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமா? பின்னர் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11.8 கோடிக்கும் மேல் விற்பனை.

சறுக்கிய இடம்

அதே சிக்கன யோசனைதான் அவருக்கு அடியும் கொடுத்தது. 1995-ல் கண்ணை வைத்துப் பார்க்கும் 3டி கருவியான 'வர்ச்சுவல் பாய்' வந்தது. மற்ற நிற எல்இடி விளக்குகள் அப்போது விலை அதிகம் என்பதால் சிவப்பு மட்டுமே பயன்படுத்தப்பட்டது. கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோடுகள். தலையில் மாட்டவும் முடியாது. மேஜையில் வைத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். கண் வலி, தலைவலி என்று புகார்கள் எழுந்தன. சுமார் 7.7 லட்சம் மட்டுமே விற்று, ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டப்பட்டது.

கேம் பாயில் வெட்டப்பட்டது கலர். ஆட்டம் அப்படியே இருந்தது. இங்கே வெட்டப்பட்டது பார்ப்பவரின் சௌகரியம். எதை விடலாம் என்பதைப் போலவே எதை விடக்கூடாது என்பதும் முக்கியம் என்று காட்டிய தோல்வி இது.

31 ஆண்டுகளுக்குப் பிறகு, 1996-ல் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் முன்பே இருந்தது என்பது அவர் தரப்பு விளக்கம். கிளம்பும் முன் அவர் பங்களித்த கடைசிக் கருவிகளில் ஒன்றான கேம் பாய் பாக்கெட் விற்பனைக்கு வந்திருந்தது.

சாலையில் முடிந்த வாழ்க்கை

பிறகு கியோட்டோவில் 'கோட்டோ' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கையடக்க கருவி ஒன்றில் வேலை நடந்தது. 1997 அக்டோபர் 4-ம் தேதி இஷிகாவா பகுதி நெடுஞ்சாலையில் அவர் பயணித்த கார் ஒரு சிறிய விபத்தில் சிக்கியது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கியவர் மீது வேறொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் பார்க்காமலே போன அந்தக் கருவி 1999-ல் 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கு ஒரே ஒரு பேட்டரி போதும். அதோடு வந்த பசில் கேமுக்கு அவர் நினைவாக 'குன்பெ' என்று பெயர் வைத்தார்கள்.

இன்று போனில் பட்டனே கிடையாது. ஆனாலும் பல கேம்களில் திரையின் இடது கீழ் மூலையில், பெருவிரல் போய் நிற்கும் இடத்தில், நகர்வதற்கான கன்ட்ரோலை வரைந்து வைத்திருப்பார்கள். 1982-ல் யோகோய் பிளஸ் பட்டனை வைத்த இடமும் அதுதான்.