'வலி'யை கையுறையில் வைத்த டாக்டர்: யார் இந்த பால் பிராண்ட்?

சூடு பட்டாலும் சொல்லும், அழுத்தினாலும் வளைத்தாலும் சொல்லும். தோல் மாதிரியே மெத்தென்ற சென்சார்களை இன்று பல நாட்டு ஆய்வகங்கள் உருவாக்கி வருகின்றன. ஆனால், இதே முயற்சியில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இறங்கி கையைச் சுட்டுக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் பிறந்தது நம்ம கொல்லிமலையில்!

1914-ல் மிஷனரி தம்பதிக்கு மகனாகப் பிறந்தவர் பால் பிராண்ட். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929-ல் அப்பா கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். லண்டனில் டாக்டரான பிராண்ட், 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாகவே அழுகி விழும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. ஒருநாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தொழுநோய் பாதித்த சிறுவன் ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால், அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்கு அது தெரியவே இல்லை!

அங்கேதான் பொறி தட்டியது. கிருமி தாக்குவது நரம்பை. வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டு விரல் போகிறது. தூக்கத்தில் எலி கடித்தால்கூட உணர்வு இருக்காது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கோங்க.

மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையில் நிமிர்த்திய பிராண்ட், 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உள்ளே புண் உருவாகும் இடம் முதலில் சூடாகும் என்பதால், நோயாளிகளின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு அதற்கு வெப்பப்பட கேமராவும் வந்தது.

அடுத்து செயற்கை வலி. கையுறையில் அழுத்தம் அறியும் சென்சார்; அளவு மீறினால் காதில் சத்தம். நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. சரி என்று, உணர்வுள்ள அக்குளில் மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவசர வேலை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள்! சென்சார்களும் சீக்கிரமே பழுதாகின. திட்டம் கைவிடப்பட்டது.

இன்றைய மெத்தென்ற சென்சார்கள் உலோகம் தேய்ந்துபோகும் பிரச்னையைத் தீர்க்கலாம். ஆனால் அந்த சுவிட்ச்? நம் உடம்பு வலிக்கு அதை வைக்கவே இல்லை.

2003 ஜூலை 8-ல் பிராண்ட் காலமானார். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பு, வேலூரில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்க நடந்த அந்தக் கால முயற்சிகளின் வழியில் வந்ததுதான்.