வானை நேசித்த டாட்டா

மும்பை அஞ்சல், தொடர்வண்டியில் அரக்கோணம் வழியாகச் சென்னையை அடைந்த காலம் அது. 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாட்டா ‘பஸ் மோத்’ என்னும் ஒற்றை எந்திர வானூர்தியில் கராச்சியிலிருந்து மும்பைக்கு அஞ்சலைக் கொணர்ந்தார். நண்பர் நெவில் வின்சென்ட் அதனைச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார்.

அஞ்சலைச் சுமந்த முயற்சி, பின்னர் மக்களையும் சுமந்தது. 1948 ஜூன் 8 அன்று, நான்கு எந்திரங்கள் கொண்ட ‘மலபார் பிரின்சஸ்’ மும்பையிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டாட்டாவும் அதில் பயணித்தார். தம் நிறுவன வானூர்திகளில் செல்லும்போதெல்லாம் இருக்கை முதல் தேநீர் வரை கண்ட குறைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றைக் களையச் செய்தார். விரைவைவிடப் பயணியின் மனநிறைவே வானூர்திக்குப் பெருமை எனக் கருதினார்.

1982இல், தம் 78ஆம் வயதில், கராச்சியிலிருந்து மும்பைக்குச் சிறு வானூர்தியை மீண்டும் தாமே ஓட்டிவந்தார்.