மாண்டிசோரி அம்மையார்

பாடம் விளங்காத குழந்தையை அறிவு குறைந்தது என்று ஒதுக்கிவிடுதல் எளிது. குறை குழந்தையிடம் உள்ளதா, நாம் கற்பிக்கும் முறையில் உள்ளதா என்று ஆராய்தல் அரிது. அவ்வரிய செயலையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் இத்தாலி நாட்டிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். தாயார் நூல்களைக் கற்பதில் ஆர்வம் மிக்கவர். மரியாவின் இளமையிலேயே குடும்பம் உரோம் நகரில் குடியேறிற்று. பெண்ணொருத்தி படித்தால் ஆசிரியை ஆகலாம். அதற்குமேல் விரும்புதல் தகாது என்பதே அக்காலத்தார் பலருடைய கருத்து. மரியாவோ மருத்துவம் கற்க விரும்பினார். தந்தையார் அதற்கு உடன்படவில்லை, தாயார் துணைநின்றார். பிணத்தை அறுத்து ஆராயும் பயிற்சியை ஆடவரோடு கூடிச் செய்தல் முறையன்று என்று கருதப்பட்டமையால், அவர்கள் சென்ற பின்னர்த் தனியே இருந்து அவர் அதனைச் செய்ய வேண்டியதாயிற்று. இத்தகைய இடர்களுக்கெல்லாம் தளராமல் 1896 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற்பெண்டிர் சிலருள் அவரும் ஒருவர்.

மருத்துவரான அம்மையார் மனநோயாளர் காப்பகங்களுக்குச் செல்லும் கடமை பூண்டார். அங்கே மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களும் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். ஒரு காப்பகத்தில், உணவு முடிந்ததும் சிறுவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவதைக் கண்டு, காவற்பெண் அவர்களை இகழ்ந்தாள் என்பர். அம்மையார் அந்த அறையை நோக்கினார். சுவரும் தரையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. கையால் தொடவும் எடுக்கவும் உருட்டவும் ஒரு பொருளும் இல்லாத இடத்தில், அத்துணுக்குகளே அவர்களுக்கு விளையாட்டுப் பொருள்கள் ஆயின என்பதை அவர் உணர்ந்தார். பசித்தது வயிறன்று, அறிவே என்று தெளிந்தார்.

இட்டார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரும் இத்தகைய குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட முயன்று நூல்கள் எழுதியிருந்தனர். அந்நூல்களை அம்மையார் ஊன்றிக் கற்றார். 1900 ஆம் ஆண்டு முதல் உரோமில் அக்குழந்தைகளுக்கென அமைந்த பள்ளியொன்றை நடத்துவதில் பங்குகொண்டு, பகலெல்லாம் கற்பித்து, இரவெல்லாம் அன்று கண்டவற்றை எழுதி ஆராய்ந்தார். ஒன்றுக்கும் உதவார் என்று கைவிடப்பட்ட அச்சிறுவர்களுட் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே எழுதித் தேறினர். கண்டோர் வியந்து போற்றினர். அம்மையாரோ வேறொரு கவலையில் ஆழ்ந்தார். குறையுடைய குழந்தைகள் இவ்வளவு முன்னேறக்கூடுமாயின், குறையற்ற குழந்தைகள் அவர்களோடு ஒத்த அளவில் நின்றுவிடுவானேன்? நம் பள்ளிகள் அவர்களைத் தடுத்து நிறுத்துகின்றனவோ? இவ்வினா அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

விடை காணும் வாய்ப்பு 1907 ஆம் ஆண்டில் வந்தது. உரோமில் சான் லோரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த சிறுவர்கள், புதுப்பிக்கப்பட்ட குடியிருப்பின் சுவர்களைப் பாழாக்கினர். அதனைத் தடுக்க விரும்பிய கட்டட உரிமையாளர், அவர்களை ஓரறையில் வைத்துக் காக்குமாறு அம்மையாரை வேண்டினர். சுவரைக் காக்கத் தோன்றிய அவ்விடமே குழந்தைகள் இல்லமாயிற்று. ஜனவரித் திங்கள் 6 ஆம் நாள் அது திறக்கப்பட்டது.

அங்கே அம்மையார் வைத்த கருவிகள் மிக எளியவை. ஒன்றைக் காண்போம். நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள்; அவற்றில் பொருந்தும் உருளைகள் பத்து. ஒவ்வோர் உருளைக்கும் உரிய குழி ஒன்றே. பெரிய குழியில் சிறிய உருளையை இட்டுவிட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி நிற்கும். தவறு நேர்ந்தது என்று ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை, கட்டையே சொல்லிவிடும். குழந்தை நிறுத்தும், நோக்கும், எண்ணும், மாற்றும். பிறர் சொல்லை நம்பித் தலையாட்டாமல், தானே ஆராய்ந்து உண்மை காணும் பழக்கம் மூன்று வயதிலேயே வேரூன்றும். இவ்வேலையில் ஈடுபட்ட சிறுமி ஒருத்தி, சுற்றிலும் மற்றவர் பாடி ஆரவாரித்தும் கவனம் கலையாமல், நாற்பது முறைக்குமேல் அதனையே திரும்பத் திரும்பச் செய்ததை அம்மையார் எண்ணிப் பார்த்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய குழந்தைகள், ஒரு நாள் தாமாகவே எழுதத் தொடங்கினர்.

1909 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பல நாடுகளில் அவர் முறைப் பள்ளிகள் எழுந்தன. இத்தாலியை ஆண்ட முசோலினியும் முதலில் அம்முறையை ஆதரித்தான். அம்மையாரும் அவ்வாதரவை ஏற்றார். ஆனால் தானே சிந்திக்கும் குழந்தையும், ஆணைக்கு அடங்கும் படையும் ஒரு கூரையின்கீழ் நெடுநாள் வாழ இயலுமோ? பிணக்கு முற்றி, அங்கிருந்த அவர் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் தாய்நாட்டை விட்டு நீங்கினார்.

1939 ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் 300க்கு மேற்பட்டோர்க்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரையும் அடையாற்று எல்லைக்குள் நிறுத்தியது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலில் சில காலம் தங்கினார். அங்கே பல வயதுச் சிறுவர்கள் ஒன்றாகக் கற்றனர். மூத்தோர் இளையோர்க்குத் துணையாயினர். போர் முடிந்தபின் ஐரோப்பாவுக்குத் திரும்பிய அம்மையார், 1952 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் ஹாலந்து நாட்டில் இயற்கை எய்தினார்.

அவர் விதைத்த வித்து நம் நாட்டிலும் முளைத்தது. 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அவர் முறையின் சாயலைக் காணலாம். எனினும், அவர் பெயர் தாங்கும் பள்ளிகள் பல, பொருளுடையார் பிள்ளைகளுக்கே கதவு திறக்கின்றன. அம்மையாரின் முறை பிறந்ததோ கைவிடப்பட்டோர் காப்பகத்தில். வளர்ந்ததோ ஏழையர் குடியிருப்பில். அதனை நாம் மறத்தலாகாது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் பாடம் விளங்காமல் பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் தோழர் ஒருவர் இருக்கலாம். அவரைக் கண்டு நகையாமல், எவ்வாறு சொன்னால் அவருக்கு விளங்கும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மையாரின் பெருவாழ்வு அவ்வெண்ணத்திலிருந்தே தொடங்கிற்று.