போப்பையர் காட்டிய ஆய்வு நெறி

முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்ற தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, பனைமரங்கள் செறிந்த நிலப்பரப்பில், சாயர்புரம் என்னும் ஊர் அமைந்துள்ளது. சாயர் என்னும் வணிகர் வாங்கி உதவிய நிலத்தில் எழுந்தமையால், இவ்வூர் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1842ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் சமயப்பணி ஆற்றும்பொருட்டு இவ்வூருக்கு வந்தார். பிற்காலத்தில் தமிழுலகம் போப்பையர் என அன்புடன் அழைத்த ஜார்ஜ் யூக்ளோ போப் அவரே.

போப்பையர் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், கனடா நாட்டைச் சார்ந்த எட்வர்டு இளவரசர் தீவில் பிறந்தார்; இங்கிலாந்தில் வளர்ந்தார்; 1839இல் தமிழகம் போந்தார். இராமாநுச கவிராயர் முதலிய புலவர்பால் தமிழ் பயின்றார். சாயர்புரத்தில் கல்விக்கூடம் நிறுவி, அதனைத் தம் உழைப்பால் உயர்த்தினார். பின்னர்த் தஞ்சை, உதகமண்டலம், பெங்களூர் ஆகிய இடங்களில் பணியாற்றி, முதுமையில் இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். ஓய்வை நாடும் அப்பருவத்திலேதான் அவருடைய பெருநூல்கள் வெளிவந்தன.

1886இல் அவர் வெளியிட்ட திருக்குறள் ஆங்கிலப் பதிப்பு, ஆராய்ச்சி நூல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. குறள் மூலத்தையும் தம் மொழிபெயர்ப்பையும் அச்சிட்டதோடு அவர் நின்றாரல்லர். தமக்கு முன்னே அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவரின் மொழிபெயர்ப்பையும், சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிசு துரையின் மொழிபெயர்ப்பையும் அவரவர் பெயர்சுட்டிக் குறிப்புரையில் சேர்த்தார். அகராதியும் சொல்லடைவும் இணைத்தார். இதனாற் பயன் யாது? கற்பவர் ஒருவர் போப்பையரின் சொல்லை அப்படியே நம்பவேண்டுவதில்லை. மூலத்தைப் பார்க்கலாம்; முன்னோர் கருத்தோடு ஒப்பிடலாம்; பிழை உண்டாயின் கண்டு திருத்தலாம். 1893இல் வெளிவந்த நாலடியார் பதிப்பும் இம்முறையையே தழுவியது. புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் அவர் மொழிபெயர்த்து ஆய்விதழ்களில் வெளியிட்டார்.

எனினும், பேரறிஞரும் தவறுதல் உண்டு. திருவள்ளுவர் கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தவர் என்றும், மயிலாப்பூரில் கிறித்தவர்பால் கேட்டறிந்த கருத்துகள் அவருடைய நூலில் இடம்பெற்றிருத்தல் கூடும் என்றும் போப்பையர் கருதினார். பின்வந்த அறிஞர் இதனை ஏற்றிலர். மணிமேகலைக் காப்பியத்தில் குறள் ஒன்று, அதனை இயற்றிய புலவரைச் சுட்டிப் போற்றும் முறையில் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆகவே குறள் அக்காப்பியத்திற்கு முற்பட்டது என்பது தெளிவு. மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது 1898இலாகும். போப்பையர் குறட்பதிப்பை வெளியிட்ட நாளில் பழந்தமிழ் நூல்கள் பல ஏட்டுச் சுவடிகளிலேயே உறங்கிக் கிடந்தன. கருத்தைக் கூறியவர் எத்துணைப் பெரியர் என்பதைக் காட்டினும், அவர் காட்டும் சான்று யாது என்பதே ஆராய்ச்சியில் முதன்மையாகும்.

திருவாசகத்தை மொழிபெயர்க்க எண்ணியபோது, தம் முதுமையை நினைந்து அவர் தயங்கினார். பெரும்பணியொன்றை மேற்கொண்டிருத்தலே நீண்டு வாழும் வழி என்று, பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் ஊக்கமளித்தார். அவ்வாறே எண்பதாம் அகவை நிரம்பிய 1900ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. இந்நிகழ்ச்சியை நாம் ஐயமின்றிக் கூறலாம். போப்பையரே தம் நூலின் முன்னுரையில் இதனைப் பதிந்து வைத்துள்ளார்.

இனி மற்றொரு செய்தியைக் காண்போம். தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று கல்லறையிற் பொறிக்குமாறு போப்பையர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் மேடைகளிற் பேசுவர், கட்டுரைகளில் எழுதுவர். கேட்போர் உள்ளம் உருகும். 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்த அவருடைய கல்லறை, ஆக்ஸ்போர்டில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் உள்ளது. அக்கல்லில் அத்தொடர் காணப்படவில்லை. தென்னிந்தியாவைச் சார்ந்தவராக அவரைச் சுட்டி, அவர் வகித்த பதவிகளைக் கூறி, கீழ்த்திசை இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாளெல்லாம் ஆற்றிய தொண்டினைப் பாராட்டிக் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அதனை நிறுவினர் என்னும் கருத்தே அதிற் பொறிக்கப்பட்டுள்ளது.

கல்லைக் கண்டு எழுதியவர் சிலர். பிறர் சொல்லக்கேட்டு எழுதியவர் பலர். நூறுபேர் ஒன்றையே எழுதினும், அந்நூற்றுவரும் ஒருவரைப் பார்த்தே எழுதினராயின், சான்று ஒன்றேயன்றி நூறாகாது. மக்கள் வழங்கும் கதை பயனற்றதன்று. போப்பையர்மீது தமிழர் கொண்ட அன்பிற்கு அது சான்று. ஆயின், கல்லில் உள்ளது யாது என்பதற்குக் கல்லே சான்று. பிறமண்ணில் மறைந்த ஒருவரின் நினைவுக்கல்லில் தமிழ் நண்பர்களும் பங்கு கொண்டனர் என்னும் உண்மை, கதையினும் சிறப்புக் குறைந்ததோ?

சென்னைக் கடற்கரையில் 1968இல் போப்பையருக்குச் சிலை எழுந்தது. சாயர்புரத்தில் 1962இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஒரு செய்தியைப் படிக்குங்கால், இதனை எழுதியவர் யார், எதனைக் கண்டு எழுதினார், அம்மூலத்தை நாமும் காண இயலுமா என்று வினவிப் பழகும் மாணவர், அவர் தம் பதிப்புகளிற் காட்டிய நெறியிலேயே நடப்பவராவர்.