மோட்டார்ப் பந்தய வீரர் கரிவர்தன்

கோயம்புத்தூர் என்றதும் பஞ்சாலைகளும் நீர்ப் பம்புகளுமே நம்மவர் நினைவுக்கு வரும். அந்நகரில், நெசவாலைத் தொழில் நடத்திய செல்வக் குடும்பமொன்றில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். கரிவர்தன். அன்னாரை இந்திய மோட்டார்ப் பந்தயத்தின் தந்தையெனத் தமிழகத்தார் இன்றும் போற்றுவர்.

அவர் வரலாற்றை அறிய விரும்புவோர் சோழவரத்தை முதலில் அறிதல் வேண்டும். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா செல்லும் பெருவீதியை அடுத்துள்ள சிற்றூர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் வெறுமையாய்க் கிடந்த அப்பாதையில், 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பந்தயங்களை நடத்தலாயினர். களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தை விமானத் தளத்திலும் இவ்வாறே பந்தயங்கள் நடந்தமையை எம் மூத்த அன்பர்கள் அறிவர். நம் நாட்டு வீரர்களும் கடல் கடந்து சோழவரம் சென்று ஓடியதுண்டு. பந்தய நாட்களில் மக்கள் பல்லாயிரவராய் அங்கே திரண்டனர்.

பலவகைப் பந்தயங்கள் நடப்பினும், எல்லோர் கண்ணும் ஒற்றை ஆசனக் கார்கள் மீதே இருக்கும். அவற்றுக்கு மட்காட் கிடையாது. நான்கு சக்கரங்களும் வெளியே தெரியும். ஓட்டுபவர் ஒருவர் மட்டுமே அமரலாம். இத்தகைய கார்கள் மேனாட்டிலிருந்து வரவேண்டியிருந்தன. விலையோ பெரிது, அதற்குமேல் சுங்கவரி. எண்பதுகளின் முற்பகுதியில் விஜய் மல்லையா போர்முலா வன் பந்தயத்துக்குரிய என்சைன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். கைப்பொருள் குறைந்தோர் பழைய எரால்ட், பியற் எஞ்சின்களைக் கொண்டு தாமே கார்களை உருவாக்கி ஓடினர். இவ்விரு சாராரும் ஒரே பாதையில் ஓடினால் வெல்வது யார்? ஓட்டுபவன் திறமையைக் காண்பதற்கு முன்னரே அவன் பணப்பெட்டி முடிவைச் சொல்லிவிடும். மோட்டார்ப் பந்தயம் வீண் செலவு எனக் கடிந்துகொள்ளும் பெரியோர் எம்மிடையேயும் உளர். அக்காலச் சோழவரத்தைக் கண்டவர்கள் அவர்களோடு வாதாடியிருக்கமாட்டார்கள்.

கரிவர்தனும் சோழவரத்தில் ஓடியவரே. வசதி படைத்த அவர் தம் வெற்றிகளோடு அமைந்திருக்கலாம். ஆயின் அவர் மனம் தொழிற்கூடத்தையே நாடியது. 1983இன் இறுதியில் மாருதி 800 கார் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. காலி வீதியில் நாம் அன்றாடம் கண்டு பழகிய அதே சிறிய மாருதிதான். அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் உடையது. வீட்டுக் காரில் அது முன்புறம் இருந்து முன் சக்கரங்களைச் சுழற்றும். கரிவர்தன் அதனைக் கியர்ப்பெட்டியோடு ஒருங்கே எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டமொன்றில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். அது பின் சக்கரங்களைச் சுழற்றலாயிற்று. உதிரிப்பாகம் எவ்வூர்க் கடையிலும் கிடைக்கும். பழுதானால் பக்கத்துக் கராஜில் திருத்தலாம். 1988இல் போர்முலா மாருதி இவ்வாறு பிறந்தது.

எல்லோர்க்கும் ஒரே எஞ்சின் என்பதே இதன் சிறப்பு. வளைவில் எவன் துணிவான், எவன் பிரேக்கை எப்போது அழுத்துவான் என்பதே வெற்றியை நிர்ணயித்தது. போர்முலா வன் காரின் வேகத்துக்கு அது ஈடாகாதுதான். ஆனால் தொழில் கற்பதற்கு அந்த வேகம் போதும்.

1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே புதிய பாதை திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய பாதையில் போர்முலா மாருதி ஓட்டிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், தம் முதற் பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவரானார். 1994இல் அவர் பிரித்தானியாவில் போர்முலா போர்ட் குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பந்தயப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

இவ்வெற்றி வந்த மறு ஆண்டு, 1995 ஆகஸ்ட் 24ஆம் தேதி, கோவையில் சிறு விமானமொன்று வீழ்ந்து நொறுங்கியதில் கரிவர்தன் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. 2005இல் நாராயண் போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானதை அவர் காணவில்லை. 2000ஆம் ஆண்டில் போர்முலா மாருதித் தேசியப் பட்டம் வென்ற சென்னை இளைஞர் கருண் சந்தோக், பத்தாண்டு கழித்து அதே போர்முலா வன் களத்தை எட்டியதையும் அவர் காணவில்லை.

போர்முலா மாருதிப் பந்தயம் இப்போது நடைபெறுவதில்லை. 2003இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பந்தயப் பாதையொன்று திறக்கப்பட்டு, கரி மோட்டார் ஸ்பீட்வே என அன்னார் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. தேசியப் பந்தயங்களின்போது அங்கே ஓடும் ஒற்றை ஆசனக் கார்கள் சிலவற்றில் இன்றும் மாருதி எஞ்சினே முழங்குகின்றது.