ஸர் அசுதோஷ் முகர்ஜியும் கல்கத்தாச் சர்வகலாசாலையும்

சர்வகலாசாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது, பல துறைகளிலும் வல்ல ஆசிரியர் ஒருங்கிருந்து கற்பிப்பதும் ஆராய்வதுமாகிய ஓரிடமே. ஆயின் 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சட்டத்தால் நிறுவப்பெற்ற சர்வகலாசாலைகள் அத்தகையன அல்ல. இலண்டன் மாநகரில் அக்காலத்து நிலவிய முறையைப் பின்பற்றி, கல்லூரிகள் கற்பித்தவற்றைப் பரீட்சித்துப் பட்டம் அளிப்பதொன்றையே அவை தம் தொழிலாகக் கொண்டிருந்தன. வினாத்தாள் உண்டு, விடைத்தாள் உண்டு, பட்டமளிப்பு விழாவும் ஆண்டுதோறும் உண்டு, கற்பிப்பார்தாம் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இவ்வாறே கழிந்தது. கல்கத்தாவில் இந்நிலையை மாற்றி, பரீட்சை நிலையமாயிருந்ததைப் பேராசிரியர்களின் இருப்பிடமாக்கியவர் ஸர் அசுதோஷ் முகர்ஜி. அவர் இதனைச் செய்தற்கு அவர்தம் இளமையில் நேர்ந்த ஏமாற்றம் ஒன்றும் காரணமாயிற்று என்பதே இக்கட்டுரையில் யாம் முதன்மையாகக் கூற விரும்புவது.

அசுதோஷ் 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கங்காபிரசாத் முகோபாத்தியாயர், பவானிபுரத்தில் நற்பெயர் பெற்ற மருத்துவர். தாயார் ஜகத்தாரிணி தேவியார். 1880-இல் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்த இவர், அங்கே பயிலுங் காலத்திலேயே யூக்ளிடின் முதற் புத்தகத்து 25-ஆம் தேற்றத்திற்குப் புதியதொரு நிரூபணம் கண்டு எழுத, அது கேம்பிரிட்ஜ் கணிதப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. 1884-இல் பி.ஏ. பரீட்சையில் முதன்மை பெற்றார். மறு ஆண்டு கணிதத்தில் எம்.ஏ.; அதற்கு அடுத்த ஆண்டு பௌதிக சாஸ்திரத்தில் எம்.ஏ. அதே 1886-இல் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பெரும் பரிசையும் பெற்று, எடின்பர்க் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இத்தகைய இளைஞர் கணித ஆராய்ச்சியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட விரும்பியது இயல்பே. ஆனால் அதற்கு இடம் எங்கே? அரசாங்கக் கல்வி இலாகாவில் அவருக்கு ஒரு பதவி கொடுக்க முன்வந்தனர். ஐரோப்பிய ஆசிரியர்க்குரிய சம்பளமும் நிலையும் இந்தியர்க்கு இல்லை என்று கண்டு அவர் அதனை ஏற்க மறுத்தார். பின்னர், சர்வகலாசாலையின் முதல் இந்திய வைஸ்சான்ஸலராகிய ஸர் குருதாஸ் பானர்ஜி, இவருக்கென ஓர் ஆராய்ச்சிப் பதவி ஏற்படுத்த எண்ணிப் பொருள் திரட்ட முயன்றார். ஆண்டொன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். செல்வர் மலிந்த கல்கத்தா நகரில் அத்தொகை சேரவில்லை! அசுதோஷ் சட்டத் துறையிற் புகுந்தார். 1894-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1898-இல் தாகூர் சட்டப் பேராசிரியராகி, 1904-இல் கல்கத்தா உயர்நீதி மன்றத்து நீதிபதியாய் அமர்ந்து, 1923 வரையில் அப்பதவியை வகித்தார். சட்டத்திற்கு ஒரு பேரறிஞர் கிடைத்தார். கணிதம் ஒருவரை இழந்தது. கணிதத்தை அவர் முற்றும் மறந்தாரல்லர். 1893-இல் கூம்பு வெட்டுக்களைப் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். 1908-இல் கல்கத்தாக் கணித சங்கத்தைத் தோற்றுவித்துத் தாமே அதன் தலைவராகவும் இருந்தார்.

சர்வகலாசாலையின் ஆட்சியில் அவர் மிக இளையராகவே இடம்பெற்றார். 1889-இல், இருபத்தைந்து வயதில், செனெட் சபையிலும் ஸிண்டிகேட்டிலும் அமர்ந்தார். 1904-இல் கர்ஸன் பிரபு இயற்றுவித்த சர்வகலாசாலைச் சட்டத்தை நாட்டினர் பலரும் எதிர்த்தனர். சர்வகலாசாலைகளை அரசாங்கத்தின் கைப்பிடிக்குள் அடக்கவே அது வந்ததென்பது அவர் அச்சம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் அச்சட்டத்தினூடே, சர்வகலாசாலை தானே ஆசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம், ஆராய்ச்சியை வளர்க்கலாம் என்றொரு விதியும் இருந்தது. பிறர் பெரிதும் கவனியாத அவ்விதியை அசுதோஷ் பற்றிக்கொண்டார். 1906-இல் வைஸ்சான்ஸலராகி 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் அவர் செய்தனவெல்லாம் அவ்விதியின் விரிவுரை என்றே கூறலாம். பகலில் நீதிமன்றம், காலையும் மாலையும் சர்வகலாசாலை. ஓய்வென்பதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

விஞ்ஞானத் துறைக்கு வேண்டிய பொருளை அரசாங்கத்தினிடம் கேட்டுப் போதியவாறு கிடையாதபோது, வழக்கறிஞர் இருவர் கொடுத்தனர். தாரகநாத் பாலித் என்பார் 1912-இல் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் பெறுமான சொத்தை ஈந்தார். ராஷ்பிஹாரி கோஷ் மறு ஆண்டு 10 இலட்சம் ரூபாய் அளித்தார். இக்கொடைகளால் நிறுவப்படும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது கொடையாளரின் நிபந்தனை. ஐரோப்பியர்க்குச் சமமான பதவி தமக்கில்லையென்று ஒரு நாள் திரும்பிவந்த இளைஞரே, இந்நிபந்தனையை நிறைவேற்றும் பொறுப்பேற்றார். 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் தேதி விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. வைஸ்சான்ஸலராக அவருடைய முதற் காலம் முடியும் தறுவாய் அது.

கட்டிடம் எழுப்புதல் எளிது. ஆளைக் கண்டறிதலே அரிது. இதில் அசுதோஷுக்கு ஒப்பானவர் அக்காலத்து வேறெவரும் இலர் என்பது எம் கருத்து. இரசாயனத்திற்குப் பிரபுல்ல சந்திர ராயை அழைத்தார். பௌதிகத்திற்கு அவர் தேர்ந்தெடுத்தவரோ, நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் பவுபஜார் விஞ்ஞானச் சங்கத்தின் கூடத்தில் தனியே ஆராய்ச்சி செய்துவந்த ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர வேங்கட ராமன் அவரே. அவர் கல்லூரி ஆசிரியரல்லர். டாக்டர் பட்டம் பெற்றவருமல்லர். பாலித் பதவிக்கு வருபவர் வெளிநாட்டிற் பயிற்சி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இணங்க ராமன் மறுக்கவே, அசுதோஷ் அவ்வேற்பாட்டையே அவர் பொருட்டு விலக்குவித்தார். ராமனும், அரசாங்க உத்தியோகத்திற் பெற்றதைக் காட்டிலும் மிகக் குறைந்த சம்பளத்திற்கு இசைந்து 1917-இல் பேராசிரியப் பதவி ஏற்றார்.

இன்னும் இளையவர்கள் கதை இதனினும் சுவையுடையது. எம்.எஸ்ஸி. முடித்து வேலையின்றி இருந்த மேகநாத ஸாஹா, சத்தியேந்திரநாத போஸ் முதலியோர், ஐரோப்பாவில் தோன்றியிருந்த புதிய பௌதிகத்தை இங்கும் கற்பிக்க வேண்டுமென்று அசுதோஷிடம் வந்தனர். அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொண்டு சொல்லுவதாக ஒப்புக்கொண்டனர். அவரும் உபகாரச் சம்பளம் கொடுத்துக் கற்குமாறு ஏவினார். தம் சொந்த நூல்நிலையத்தையும் திறந்துவிட்டார். உலக யுத்தம் மூண்டிருந்தமையால் ஜெர்மானியப் புத்தகங்கள் கிடைத்தல் அரிதாயிருந்தது. சிபபூர்ப் பொறியியற் கல்லூரியிலிருந்த புரூல் என்னும் ஆசிரியரிடம் சில நூல்களைப் பெற்று, ஜெர்மன் மொழியையும் பயின்று, தாம் இன்று கற்றதை நாளை கற்பித்தனர். கணிதப் பேராசிரியர் கணேஷ் பிரசாதோடு இவ்விளைஞர்க்கு ஒத்துவராமற் போக, இருவரையும் பௌதிகப் பகுதிக்கு மாற்றினர். ஐன்ஸ்டைன், மிங்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியற் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்திற் பெயர்க்க, சர்வகலாசாலை 1920-இல் அச்சிட்டது. அவ்வாண்டிலேயே ஸாஹா, விண்மீன்களின் வெப்பத்தையும் அவற்றிலுள்ள அணுக்களின் மின்னூட்டத்தையும் இணைக்கும் தம் புகழ்பெற்ற சமன்பாட்டை வெளியிட்டார்.

1917-இல் முதுகலைப் படிப்பு முழுவதையும் சர்வகலாசாலையே ஏற்று நடத்தும் புதிய ஒழுங்கு வந்தது. கலைகளுக்கு ஒரு மன்றம், விஞ்ஞானத்திற்கு ஒரு மன்றம். இதன்பின் அங்கே கற்பிக்கப்பட்ட பாடங்களின் பட்டியலை நோக்குவோர் வியப்படையாமலிரார். பண்டை இந்திய வரலாறும் பண்பாடும் ஒரு தனிப் பாடமாயின. தேவதத்த ராமகிருஷ்ண பண்டார்கர் அதற்குத் தலைவர். பாளியும் திபெத்திய மொழியும் கற்பித்தனர். ஒப்பு மொழிநூலுக்குத் தாராபூர்வாலா. இந்திய மொழியியலுக்குச் சுனீதிகுமார் சட்டர்ஜி. நுண்கலைக்கு அவனீந்திரநாத தாகூர். சோதனை மனோதத்துவம், மானிடவியல் என்பன நம் நாட்டில் பெயரளவிலும் பரவாத காலத்தே அங்கே வகுப்புக்கள் நடந்தன. மானிடவியலுக்குக் கொச்சி நாட்டிலிருந்து அனந்தகிருஷ்ண ஐயரை வரவழைத்தார். 1919-இல் இந்திய மொழிகள் எம்.ஏ. பாடமாக ஏற்கப்பட்டன. வங்காளியை முதன்மையாகப் பயில்வோன் பிற இந்திய மொழியொன்றையும் உடன் கற்க வேண்டும் என்பது விதி. சொந்த மொழியைக் கற்றற்கு எம்.ஏ. எதற்கு என்று ஏளனம் செய்தவரும் உண்டு. அவ்வேளனம் நம் பக்கத்திலும் கேட்டறியாததன்று.

அசுதோஷின் பார்வை வங்காளத்தோடு நின்றதில்லை என்பதற்கு நம் நாட்டவரே சான்று. சென்னைச் சர்வகலாசாலையின் வரலாற்றுப் பேராசிரியர் சா. கிருஷ்ணசாமி ஐயங்காரை அழைத்து, இந்தியப் பண்பாட்டுக்குத் தென்னாடு அளித்தவை குறித்து விரிவுரை நிகழ்த்துவித்து, அதனை நூலாகவும் வெளியிடச் செய்தார். தத்துவப் பேராசிரியராயிருந்த பிரஜேந்திரநாத சீல் மைசூர்ச் சர்வகலாசாலையின் தலைமையை ஏற்றுச் சென்றபோது, அந்த மைசூரிலிருந்தே சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை 1921-இல் அப்பதவிக்குக் கொணர்ந்தார். அவர் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் தத்துவம் பயின்றவர் என்பதை மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் நினைவிற் கொள்வது தவறாகாது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் அதே கிறிஸ்துவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன் என்னும் இளைஞர், ராமனுடைய புகழ் கேட்டு 1920-இல் கல்கத்தா சென்று, விஞ்ஞானக் கல்லூரியில் அவருடைய விரிவுரைகளைக் கேட்டதும் இக்காலத்தில்தான். 1928-இல் ஒளிச்சிதறலைப் பற்றி உலகறிந்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தபோது ராமனுக்கு உறுதுணையாயிருந்தவர் இக்கிருஷ்ணனே.

குறை கூறுவோர் இல்லாமலில்லை. பரீட்சைகள் எளியனவாகிவிட்டன, பட்டதாரிகள் பெருகிவிட்டனர், பாடங்களைக் கைப்பொருளுக்கு மிஞ்சி விரித்துவிட்டார், எல்லாம் ஒருவர் கைக்குள் அடங்கிவிட்டது என வரலாற்று ஆசிரியர் ஜாதுநாத் ஸர்க்கார் முதலியோர் கடுமையாக எழுதினர். இவற்றுள் கடைசிக் குற்றச்சாட்டை முற்றும் மறுத்தல் இயலாது. அவர் பிறர் சொற்கு எளிதில் இணங்குபவரல்லர். வங்கப் புலி என்ற பெயர் அவருடைய பெரிய மீசையினால் மட்டும் வந்ததன்று. பொருள் நிலையைப் பற்றிய குற்றச்சாட்டோ ஆராயத்தக்கது. மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குக் கிராமத்துப் பிள்ளைகள் கட்டிய கட்டணமே பெரும்பாலும் உயர்தர ஆராய்ச்சிக்கு முதலாயிருந்தது. 1917-இல் பாட்னாவும், 1920-இல் ரங்கூனும், 1921-இல் டாக்காவும் தனிச் சர்வகலாசாலைகளாகப் பிரியவே, அவற்றின் கட்டணமும் பிரிந்தது. ஒத்துழையாமைக் கிளர்ச்சியால் மாணவர் தொகையும் சுருங்கிற்று. ஆசிரியர் சம்பளம் நிலுவையில் நின்றது.

1922-இல் வங்காள அரசாங்கம் இரண்டரை இலட்சம் ரூபாய் கொடுக்க முன்வந்தது. கூடவே, சர்வகலாசாலையின் கணக்கையும் செலவையும் தன் கட்டுப்பாட்டிற்கு உட்படுத்தும் நிபந்தனைகளையும் விதித்தது. ஆசிரியர் பசித்திருக்க, வைஸ்சான்ஸலர் அப்பணத்தை ஏற்க மறுத்துச் செனெட் சபையிற் பேசினார். வேண்டுமாயின் வங்காளத்து வாயில்தோறும் சென்று இரப்போமேயன்றி, சர்வகலாசாலையை ஓர் அரசாங்க இலாகாவாக்கோம் என்பதே அப்பேச்சின் சாரம். பிறர் சம்பளத்தை முன்னிட்டுத் தம் கொள்கையை ஒருவர் நிலைநாட்டுவது முறையோ என வினவுவார் உண்டு. ஆனால் அவ்வாசிரியருட் பெரும்பாலார் அவர் பக்கமே நின்றனர் என்பதும் உண்மை. மறு ஆண்டு வேந்தராகிய லிட்டன் பிரபு, அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதாக உறுதி கூறினால் மீண்டும் அவரையே நியமிப்பதாக எழுத, அசுதோஷ் மிகக் கடுமையாக விடையெழுதி அப்பதவியை உதறினார்.

அவ்வாண்டு அவருக்கு வேறொரு துயரமும் நேர்ந்தது. இளமையிற் கைம்மை எய்திய தம் மகள் கமலாவுக்கு, சாதியார் தூற்றுதலைப் பொருட்படுத்தாது 1908-இல் மறுமணம் செய்வித்திருந்தார். அம்மகள் 1923-இல் இறந்தாள். அவள் பெயராற் சர்வகலாசாலையில் ஒரு விரிவுரை வரிசையை அவர் ஏற்படுத்தினார். நம் சீனிவாச சாஸ்திரியார் பின்னாளில் அவ்வரிசையிற் பேசினார்.

நீதிபதி பதவியினின்று விலகியபின் மீண்டும் வழக்கறிஞராய், டும்ராவ் சமஸ்தான வழக்கொன்றை நடத்தப் பாட்னா சென்றிருந்தார். அங்கே திடீரென நோயுற்று, 1924-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, அறுபது வயது நிரம்பு முன்னரே காலமானார். உடலை ரயிலிற் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். ஸாஹாவும் போஸும் படித்த அப்புத்தகங்கள் உட்பட 80,000-க்கு மேற்பட்ட நூல்கள் அவர் வீட்டில் இருந்தன. 1949-இல் அவர் குடும்பத்தார் அவற்றை முழுதும் கல்கத்தாத் தேசிய நூல்நிலையத்திற்கு ஈந்தனர்.