மூட்டை சுமந்தவர் சிகரம் தொட்டார்

பெரியதாழைக் கரையில் நம் காலை நனைக்கிறதே கடல், அந்தக் கடல் மட்டத்திலிருந்துதான் மலைகளின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். எவரெஸ்ட் சுமார் 8,849 மீட்டர். எட்மண்ட் ஹிலாரியுடன் அதில் முதன்முதலாக ஏறியவர் டென்சிங் நார்கே.

1914ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. 1935இல் ஆங்கிலேயக் குழுவுக்கு மூட்டை தூக்கும் கூலியாளாக எவரெஸ்ட் பக்கம் போனார். ஆசை பிறந்தது. அதன்பின் பலமுறை முயன்றார்.

1952இல் சுவிட்சர்லாந்துக்காரர் லாம்பர்ட்டுடன் ஏறினார். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர்தான் பாக்கி. பிராணவாயுக் கருவி சரியாக உதவவில்லை. உடம்பு ஓய்ந்துவிட்டது. மேலே போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று இருவரும் இறங்கிவிட்டார்கள். காற்று மாறியதும் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பும் மீனவரைக் கோழை என்போமா?

உயிரோடு திரும்பியதால்தான் மறுபடி போக முடிந்தது. 1953 மே 29 அன்று, ஏழாவது முயற்சியில் வென்றார். மகள் கொடுத்தனுப்பிய பென்சிலையும் கொஞ்சம் மிட்டாய்களையும் உச்சிப் பனியில் காணிக்கையாகப் புதைத்தார்.

1954இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் களப்பயிற்சி இயக்குநர் இவரே. பள்ளிக்கூடம் போகாதவர், புதிதாக மலை ஏற வந்தவர்களுக்கு ஆசிரியரானார்! 1986 மே 9 அன்று மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, முயற்சியோடு நிதானமும் வேண்டும். அதுதான் டென்சிங் காட்டிய வழி.